இறங்கி ஆடுவதில் இழிவென்ன?

(மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சீட்டாட்டம் என்றதும், இவன் சீட்டாட்டத்தைக் கண்டிக்கப் போகிறானா அல்லது ஆடக் கற்றுக்கொடுக்கப் போகிறானா என்று உங்களில் சிலருக்குச் சந்தேகம் தோன்றியிருக்கலாம். இரண்டும் என் உத்தேசமல்ல. அமெரிக்காவில் வளர்ந்து, கைப்போன் வழியாக நம் ஊர்த் திண்ணை வரைக்கும் வந்துவிட்ட போக்கர் என்னும் பந்தயச் சீட்டாட்டத்தில், தோற்றுக்கொண்டே வருகிற மனிதன் என்ன செய்ய வேண்டும் என்ற ஒரு கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறேன். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுத்து இந்தியப் பார்லிமெண்டு 2025ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் சட்டம் செய்தது. சட்டம் கடையை மூடலாம். ஆனால் மனிதன் மண்டைக்குள் இருக்கும் கடையை மூடுவதற்கு அவனவன் புத்தியைத் தவிர வேறு வழியில்லை. ஆதலால் புத்தியைப் பற்றியே பேசுகிறேன்.

போக்கர் முழுவதும் அதிர்ஷ்டமல்ல, முழுவதும் சாமர்த்தியமுமல்ல. இன்று அதிகமாக ஆடப்படும் முறையில், ஒவ்வொருவன் கையிலும் இரண்டு சீட்டு மறைவாக இருக்கும். ஐந்து சீட்டு எல்லாருக்கும் பொதுவாக மேஜையில் விழும். இடையிடையே பந்தயம் கட்டுவார்கள். நல்ல சீட்டில்லாதவனும் துணிந்து பெரும்பணத்தை வைத்து எதிரியை ஓடவைக்கலாம். ஆகவே கெட்டிக்காரன் பல நாள் கணக்கில் ஜெயிப்பான் என்பது உண்மையே. ஆனால் அவன் இன்றைக்கு ஜெயிப்பான் என்பதற்கு யாதொரு உத்தரவாதமும் கிடையாது.

ஒரு கணக்குச் சொல்லுகிறேன். ஒருவன் கையில் இரண்டு ஆஸ். எதிரி கையில் இரண்டு ராஜா. பொதுச்சீட்டு ஒன்றுகூட விழுமுன்பே இருவரும் உள்ள பணத்தையெல்லாம் வைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ் ஜோடியைவிடப் பெரிய கை ஆரம்பத்தில் கிடையாது. அப்படியிருந்தும் அவன் 100க்குச் சுமார் 82 தடவைதான் ஜெயிப்பான். 18 தடவை தோற்பான். இப்படிப்பட்ட நல்ல சந்தர்ப்பம் நான்கு முறை வந்து, நான்கு முறையும் அவன் தன் கைமுதல் முழுவதையும் வைத்தானானால், நான்கிலும் தப்பிப் பிழைப்பது 100க்கு 45தான். அதாவது, மிகச் சிறந்த கையை வைத்துக்கொண்டே அவன் பாப்பராவதற்குத்தான் அதிக இடமிருக்கிறது! இதில் கிரகம் என்ன செய்தது? ராகுகாலம் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. கைமுதல் முழுவதையும் ஒரே இடத்தில் வைத்த புத்திதான் செய்தது.

வேறொருவன் கைமுதலை இருபது பங்காக்கி, ஒரு பங்குக்கு மேல் வைப்பதில்லை என்று இருக்கிறான். அவன் அந்த நான்கு முறையும் தோற்றால்கூட இருபதில் பதினாறு பங்கு மிச்சமிருக்கும். இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆரம்பத்தில் வைத்த அதே தொகையையே கடைசி வரையில் வைத்தானானால், இருபது தோல்வியில் கை காலி. தோற்கத் தோற்க, மிஞ்சியதில் இருபதிலொரு பங்கு என்று பந்தயத்தைக் குறைத்துக்கொண்டே வந்தானானால், இருபது தோல்விக்குப் பிறகும் முதலில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அவன் கையில் நிற்கும். இதைத்தான் ஆட்டக்காரர்கள் சிறிய மேஜைக்கு இறங்குவது என்கிறார்கள். ஏன் இறங்கவேண்டும்? பாதி முதலை இழந்தவன் பழைய நிலைக்கு வரவேண்டுமானால் நூற்றுக்கு நூறு லாபம் சம்பாதிக்க வேண்டும். பத்திலொன்றை மாத்திரம் இழந்தவனுக்கு நூற்றுக்குப் பதினொன்றும் சில்லறையும் போதும். பள்ளம் ஆழமாக ஆக, ஏறவேண்டிய உயரம் அதைவிட வேகமாக வளருகிறது.

இதை நடத்திக் காட்டிய ஒருவர் சங்கதியைக் கேளுங்கள். கிறிஸ் பெர்கூசன் என்பவர் கணினி சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். 2000ஆம் வருஷத்தில் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் போட்டியில் முதல்வராக வந்து 15 லட்சம் டாலர் பெற்றவர். அவர் 2006இல் ஒரு காரியம் ஆரம்பித்தார். கைமுதல் என்பதே இல்லாமல் ஆரம்பித்து 10,000 டாலர் ஆக்கிக் காட்டுவது என்பது அது. பணம் கட்டாமல் ஆடி, சில்லறைப் பரிசு கிடைக்கும் ஆட்டங்களிலிருந்து தொடங்கினார். கைமுதலில் 100க்கு 5க்கு மேல் கொண்டு எந்த மேஜையிலும் உட்காருவதில்லை. பல மேஜைப் போட்டியானால் 100க்கு 2க்கு மேல் கட்டுவதில்லை. மேஜையில் தன் முன்னால் உள்ள பணம் கைமுதலில் 100க்கு 10க்கு மேலாகிவிட்டால் எழுந்துவிடுவது என்று விதி வைத்துக்கொண்டார். ஆரம்பத்தில் கைமுதல் மிகச் சொற்பமாயிருந்ததால், இரண்டரை டாலர் வரையிலுள்ள ஆட்டத்துக்கு மட்டும் விலக்கு வைத்தார். பல மாதங்கள் சில டாலருக்கு மேல் அவரால் சேர்க்க முடியவில்லை. சேர்த்ததும் போய், மறுபடியும் பணம் கட்டாத ஆட்டத்துக்கே திரும்பினார். உலக முதல்வர், காசு கணக்கில் ஆடும் மேஜையில், யாரோ பொழுதுபோகாதவர்களோடு உட்கார்ந்திருந்தார்! அதை அவர் அவமானமாக எண்ணவில்லை. 2007இல் 10,000 டாலரைத் தொட்டார்.

தோழர்களே! இந்த விதியைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை. கூட்டல் கழித்தல் போதும். அப்படியானால் ஆயிரத்தில் ஒருவன்கூட ஏன் இதை அனுசரிப்பதில்லை? அங்கேதான் 'மானம்' என்று நாம் தவறாகப் பெயர் வைத்திருக்கும் வியாதி வந்து நிற்கிறது. "நேற்று ஆயிரம் ரூபாய் மேஜையில் உட்கார்ந்தவன் இன்று ஐம்பது ரூபாய் மேஜையிலா?" என்று நாலுபேர் கேட்பார்களே என்ற பயம். அந்த நாலுபேர் யார்? இவன் தோற்றால் அரைப்படி அரிசி அனுப்புவார்களா? கடன்காரன் வாசலில் நிற்கும்போது வந்து பதில் சொல்லுவார்களா? வெள்ளாமை பொய்த்த வருஷத்திலும் கடன் வாங்கி, தகப்பன் செய்ததைவிடப் பெரிதாகக் கல்யாணம் செய்து நிலத்தை விற்கிற குடியானவனுக்கும், தோற்ற பிறகு பெரிய மேஜைக்கு ஏறுகிற சூதாடிக்கும் வித்தியாசம் என்ன?

நம்முடைய பாரதக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுத்திரர் தருமத்துக்கே உருவமானவர் என்கிறார்கள். அவர் ஆடிய யோக்கியதை என்ன? செல்வம் போயிற்று, யானை, குதிரை போயிற்று, ராஜ்யம் போயிற்று. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அதற்கு முந்தியதைவிடப் பெரியதையே வைத்தார். பிறகு தம்பிமார்கள், பிறகு தாம், கடைசியில் பெண்ஜாதி! "இவ்வளவோடு சரி, எழுந்திரும்" என்று சொல்லும் கணக்கு அந்தத் தருமத்தில் ஓரிடத்திலும் இல்லை. அழைத்தால் மறுப்பது க்ஷத்திரியனுக்கு அழகல்ல என்ற ஜம்பம்தான் இருந்தது. அவர் ஜம்பத்துக்குச் சபையில் அவமானப்பட்டவள் யார் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கதையை விடுங்கள், நடந்ததைப் பாருங்கள். ஸ்டூ உங்கர் என்பவர் அதே லாஸ் வேகாஸ் போட்டியில் 1980, 1981, 1997 ஆகிய மூன்று வருஷங்களில் முதல்வராக வந்தவர். சீட்டில் அவருக்கு நிகரானவர்கள் மிகச் சிலர். சீட்டில் ஜெயித்ததைக் குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயத்திலும் கொக்கேயினிலும் விட்டார். 1997இல் 10 லட்சம் டாலர் பரிசு வாங்கிய ஆட்டத்துக்குக் கட்டவேண்டிய பணத்தைக்கூட வேறொருவர்தான் கட்டினார். 1998 நவம்பரில், 45ஆவது வயதில், மலிவான விடுதி அறையொன்றில் இறந்து கிடந்தார். அடக்கச் செலவுக்குச் சிநேகிதர்கள் பணம் வசூலித்தார்கள். ஆர்ச்சி காரஸ் என்ற மற்றொருவர் 1992 டிசம்பரில் 50 டாலரோடு லாஸ் வேகாஸ் வந்து, கடன் வாங்கி ஆடி, சுமார் 4 கோடி டாலர் சேர்த்தார். 1995இல் பகடையிலும் பக்காரட்டிலும் அத்தனையையும் இழந்தார். இந்த இருவருக்கும் சாமர்த்தியம் குறைவா? அதிர்ஷ்டம் குறைவா? இல்லை. இறங்கத் தெரியாமைதான் குறைவு.

இறங்குவதால் பணம் மாத்திரமல்ல, மனமும் பிழைக்கிறது. தன் சக்திக்கு மீறிய மேஜையில் தோற்றவனை இரண்டு பேய்கள் பிடிக்கின்றன. ஒன்று பயம்; நல்ல கை வந்தாலும் பணம் வைக்கக் கை நடுங்கும். மற்றொன்று ஆத்திரம், விட்டதை இப்போதே பிடிக்கவேண்டுமென்று கண்ட கைக்கெல்லாம் பணத்தை வீசுவான். இதற்கு அமெரிக்க ஆட்டக்காரர்கள் 'டில்ட்', அதாவது சாய்ந்துபோதல், என்று பேர் வைத்திருக்கிறார்கள். எதிரிகள் இவன் முகத்தைப் பார்த்தே வேலையை முடித்துவிடுவார்கள். சிறிய மேஜையில் தோல்வி வலிக்காது. வலிக்காததால் புத்தி வேலை செய்யும். எதிரிகளும் பெரும்பாலும் அவ்வளவு தேர்ந்தவர்களாயிருக்க மாட்டார்கள். தான் தோற்றது சீட்டினாலா, தன் பிழையினாலா என்று நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம். அப்படிப் பார்த்து வருகிற தைரியந்தான் தைரியம். ஜோசியன் சொல்லி வருவது தைரியமல்ல.

இவ்வளவும் சொன்ன பிறகு, இதன் கடைசிப் படியையும் சொல்லாவிட்டால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். மேஜை போடுகிறவன் தர்மத்துக்குப் போடவில்லை. ஒவ்வொரு பந்தயத் தொகையிலும் அவன் கமிஷன் எடுக்கிறான், அல்லது உட்காரும் நேரத்துக்கு வாடகை வாங்குகிறான். எல்லாரும் சமமான ஆட்டக்காரர்களாயிருந்தால் கடைசியில் எல்லாரும் தோற்பார்கள். மேஜைக்காரன் ஒருவனே ஜெயிப்பான். ஆகவே இறங்கி ஆடும் விதி கெட்டிக்காரனைக் கெட்ட நாளிலிருந்து காப்பாற்றுமேயொழிய, தோற்கிறவனை ஜெயிக்கிறவனாக மாற்றாது. அவன் அழிவைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். பெர்கூசன் ஆடிய கம்பெனியின் கதியைப் பாருங்கள். அவரும் அதன் நிர்வாகஸ்தர்களில் ஒருவர். 2011 ஏப்ரலில் அமெரிக்க அரசாங்கம் அதன்மேல் கை வைத்தபோது, ஆட்டக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுக்கக் கம்பெனியிடம் போதிய பணமில்லை. இருபதிலொரு பங்கு வைத்தவனும் முழுவதையும் வைத்தவனும் ஒன்றாகவே வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

ஆகையால், ஆடுகிறவனுக்கு நான் சொல்லுவது இது: ஒரு நோட்டு வாங்கு. வென்றதையும் தோற்றதையும் தேதி போட்டு எழுது. வென்றதை மாத்திரம் எழுதாதே. வீட்டு வாடகை, பிள்ளை சம்பளம், மனைவியின் நகை இவற்றுக்குக் கைமுதல் என்று பேர் வைக்காதே. நோட்டு இறங்கச் சொன்னால் இறங்கு. மிகச் சிறிய மேஜையிலும் நோட்டு நஷ்டத்தையே காட்டினால், அதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது. அது தரை. அதில் இறங்கி வீட்டுக்கு நடந்துபோவதில் ஒரு இழிவும் இல்லை.

மானம் என்பது பிறர் கண்ணில் பெரியவனாகத் தெரிவதல்ல. தன் கணக்கைத் தானே பொய்யில்லாமல் பார்க்கும் துணிவுதான் மானம் என்பதை நீங்களும் யோசித்து, சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.