வைத்தியப் பரிசோதனைக்கு முன்

ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலே விபத்துக்குக் குறைவில்லை. கூடைச் சுமையோடு சரிவில் இறங்குகையில் கால் வழுக்கும். கவ்வாத்துக் கத்தி தவறிக் கையிற் படும். தேயிலைத் தொழிற்சாலையின் உருளையிலே விரல் அகப்படும். செடிக்குள்ளிருந்த குளவிக்கூடு கலைந்து ஒரு கூட்டத்தையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். முறிந்த எலும்பு சில மாதங்களிற் கூடிவிடுகிறது. கூடிய பிறகும் விரல் மடங்க மறுத்தால் அந்தக் கைக்குரியவர் என் செய்வார்?

அவருக்காக ஏற்பட்டதுதான் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வேலையின் காரணமாக வேலைநேரத்தில் நேர்ந்த காயத்துக்கு, வேலை கொடுத்தவர் நட்டஈடு செலுத்த வேண்டுமென்பது அதன் சாரம். 2022ஆம் ஆண்டின் திருத்தம், வேலைக்குப் போகும் வழியிலும் வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும் இதனுள் அடக்கியது. லயத்திலிருந்து மலைக்கு ஒற்றையடிப் பாதையில் நடப்போருக்கு இது சிறிய மாற்றமன்று.

ஆனால், சட்டம் வலியை அளப்பதில்லை. உழைக்கும் ஆற்றல் எவ்வளவு குறைந்தது என்பதையே அளக்கிறது. கையோ கண்ணோ முற்றாகப் போயிற்றென்றால் இத்தனை வீதமென்று அட்டவணை விடை தந்துவிடும். இருந்தும் உதவாத கைக்கோ, உயராத தோளுக்கோ வைத்தியர் பார்த்து மதிப்பிட வேண்டும். சில நிமிடங்களில் முடியக்கூடிய அந்தப் பரிசோதனையே பெரும்பாலும் வழக்கின் உயிர்நாடி.

கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியை எண்ணிப் பார்ப்போம். சரிவில் விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது, கட்டு அவிழ்த்தாயிற்று. பரிசோதனை நாளன்று நல்ல சேலை உடுத்தி, தலை வாரி, டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். "இப்போது எப்படி இருக்கிறது?" என்று வைத்தியர் கேட்கிறார். "பரவாயில்லைங்க ஐயா" என்கிறாள். பெரியவர்கள் முன் குறை சொல்லலாகாதென்று வளர்க்கப்பட்டவள் வேறென்ன சொல்வாள்? அந்த ஒரு சொல் குறிப்பேட்டில் ஏறிவிடுகிறது. இரவில் வலியால் விழிப்பதும், குழந்தையை இடக்கையால் தூக்க முடியாததும் ஏறுவதில்லை. மரியாதை என்னும் நற்குணம் இவ்வளவு நட்டம் தரும் இடம் வேறெதுவும் இராது.

ஆதலின், செல்வதற்கு முன் இரண்டு மூன்று நாள் தன் கையைத் தானே கவனித்துக்கொள்வது நன்று. கூந்தலை முடிய முடிகிறதா? தண்ணீர் வாளி எவ்வளவு தூரம் வருகிறது? இரு கையாலும் பறித்தவள் இப்போது ஒரு கையால் எத்தனை கிலோ பறிக்கிறாள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை அவள் வீட்டிலேயே இருக்கக்கூடும். விபத்துக்கு முன்னும் பின்னும் பெற்ற சம்பளச் சீட்டுகளை அருகருகே வைத்தால், குறைவை அவள் வாயாற் சொல்ல வேண்டியதில்லை. மிகைப்படுத்தவும் வேண்டாம். அசைக்கக்கூடிய விரலை அசையாதென்று நடிப்பவரைத் தேர்ந்த வைத்தியர் எளிதிற் கண்டுகொள்வார்; அதன்பின் உண்மையான வலியும் ஐயத்துக்கு ஆளாகும்.

மொழியும் ஓர் இடர். வைத்தியர் சிங்களம் மட்டுமே அறிந்தவராக இருக்கலாம். கடைத்தெருச் சிங்களம் சரளமாகப் பேசுகிறவருக்கும் குடைச்சல் வேறு, கடுப்பு வேறு, மதமதப்பு வேறு, மரத்துப்போதல் வேறு என்று விளக்குவது கடினம். இவை யாவும் 'வலி' என்ற ஒற்றைச் சொல்லாகிவிட்டால் நரம்பில் உள்ள கோளாறு மறைந்துபோகும். இரு மொழியும் தெரிந்த மகனோ மகளோ, தொழிற்சங்கத் தோட்டத் தலைவரோ உடன் செல்வது உத்தமம். ஆயினும் காயப்பட்டவருக்குப் பதிலாக அவர்களே பேசத் தொடங்கிவிடலாகாது.

உண்மையில், பரிசோதனைக்கான ஆயத்தம் விபத்து நடந்த அன்றே தொடங்குகிறது. விழுந்தவுடன் கணக்கப்பிள்ளையிடமோ கங்காணியிடமோ சொல்லி, தோட்ட அலுவலகத்திற் பதிவு செய்விக்க வேண்டும். தைலம் தேய்த்து நான்கு நாள் பொறுத்துப் பார்த்தவருக்கு, காயம் மலையில் நேர்ந்ததா, லயத்து வாசலில் நேர்ந்ததா என்ற வீண் கேள்வி காத்திருக்கும். தோட்ட டிஸ்பென்சரித் துண்டு, ஆஸ்பத்திரி நோய் நிர்ணய அட்டை, எக்ஸ்ரே படம் ஆகியவற்றை ஒரு பையில் இட்டு, கூரை ஒழுகாத மூலையில் வைக்க வேண்டும். செக்ரோலில் உள்ள பெயரும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். தோட்டத்திலே 'செல்லம்மா', அட்டையிலே வேறொரு பெயர் என்பது மலையகத்தில் புதுமையன்று.

தோட்ட நிர்வாகம் தன் செலவில் வைத்தியரிடம் அனுப்பினால் மறுத்துவிடலாகாது. காரணமின்றி மறுத்தால் உரிமை தடைப்படச் சட்டம் இடந்தருகிறது. ஆனால் நட்டஈட்டு உரிமையையே விட்டுக்கொடுப்பதாக எழுதிய தாளில் ஒருவர் கையொப்பமிட்டிருந்தாலும் அது செல்லாது. வாசித்துக் காட்டாத தாளிற் பெருவிரல் பதிக்காதிருப்பது இன்னும் நன்று. கோரிக்கைக்குக் காலவரம்பு உண்டாகையால், புண் ஆறட்டும் என்று ஆண்டுக்கணக்கிற் காத்திருப்பதும் தவறு.

பரிசோதனை முடிந்ததும் பஸ்ஸுக்கு நேரமாயிற்றென்று எழுந்து ஓடிவிடாமல், அறிக்கை யாருக்கு, எந்நாளில் அனுப்பப்படும் என்று கேட்டு, அன்றைய தேதியையும் துண்டின் இலக்கத்தையும் அதே பையிலுள்ள தாளொன்றில் எழுதி வைத்துக்கொண்டு மலையேறலாம்.