சட்டைப் பொத்தானும் மொய் நோட்டும்

(நெய்வேலியில் நடந்த 'புது முயற்சி கரையேறத் தேவை ஒருவர் மூளையா? ஊரார் கையா?' என்ற பட்டிமன்றத்தில், 'ஊரார் கையே' என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, தூங்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, இரவு ஷிப்டுக்குப் போக வேண்டியிருந்தும் இன்னும் எழுந்திருக்காத நெய்வேலிப் பெருமக்களே!

எதிரணி அம்மையார் ஒரு போடு போட்டார். "சரக்கு நல்லா இருந்தா ஊரே தேடி வரும். மூளைதாங்க முதல்"ன்னார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்த எங்கள் அணிக்காரர் காலை மிதித்த பிறகுதான் நிறுத்தினேன். (சிரிப்பு)

விளையாட்டை வைத்தே பேசுகிறேன். இங்கே இருக்கிறவர்களில் புத்தகக் கிரிக்கெட் ஆடாதவர் யாராவது உண்டா? புத்தகத்தைத் திறக்க வேண்டியது, பக்க எண்ணின் கடைசி இலக்கம் எத்தனையோ அத்தனை ரன், பூஜ்யம் வந்தால் அவுட். ஒருநாள் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன் தமிழ்ப் பாடநூலை அவ்வளவு ஆசையாகப் புரட்டுகிறான். ஆகா, நம்ம பாடத்தில் இவ்வளவு ஈடுபாடா என்று மகிழ்ச்சியோடு பக்கத்தில் போனேன். "ஐயா, எண்பத்தாறாம் பக்கம்... சிக்ஸர்!" என்கிறான். (பலத்த சிரிப்பு)

மைதானத்தில் ஆடும் ஆட்டத்தை மேஜைக்குக் கொண்டுவரும் ஆசை உலகம் முழுக்க இருக்கிறது. இங்கிலாந்தில் பீட்டர் அடால்ஃப் என்று ஒருவர். இரண்டாம் உலகப் போர் முடிந்து விமானப்படையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். பறவை முட்டை சேகரிப்பதில் பைத்தியம். கால்பந்தை மேஜைமேல் விரலால் சுண்டி ஆடும் ஆட்டம் ஒன்றை அமைத்தார். அட்டையில் வெட்டிய ஆட்டக்காரர்கள். அவர்கள் விழாமல் நிற்க அடிப்பாகம் வேண்டுமே? சட்டைப் பொத்தான், அதற்குள் கனத்துக்கு ஒரு வாஷர். அம்மாவின் கோட்டுப் பொத்தானைப் பிய்த்துத்தான் முதலில் செய்து பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. அந்த அம்மா என்ன திட்டியிருப்பார் என்று வரலாற்றில் இல்லை. (சிரிப்பு)

எதிரணியினர் உடனே துள்ளுவார்கள், 'பாத்தீங்களா, மூளை!' என்று. கொஞ்சம் பொறுங்க. சுண்டி ஆடும் மேஜைக் கால்பந்து 1929இலேயே லிவர்பூலில் வந்தாச்சு. வில்லியம் கீலிங் என்பவர் நியூஃபுட்டி என்ற பெயரில் விற்றுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் அடால்ஃபுக்கு யோசனை. மூளை என்று பார்த்தால் அது ஏற்கெனவே கடையில் இருந்தது.

அடால்ஃப் என்ன செய்தார் தெரியுமா? 1946 ஆகஸ்டில், சிறுவர்கள் படிக்கும் 'பாய்ஸ் ஓன் பேப்பர்' பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தார். அப்போது அவரிடம் விற்க ஒரு பெட்டிகூடத் தயாராக இல்லை! விளம்பரம் வந்தது. வீட்டுக்குத் தபால் மூட்டை மூட்டையாக வந்தது. பையன்கள் போஸ்டல் ஆர்டர் அனுப்பிவிட்டார்கள். 7,500 பவுனுக்கு ஆர்டர் சேர்ந்ததாகச் சொல்வார்கள். அந்தப் பணத்தை வைத்துத்தான் செய்ய ஆரம்பித்தார். 1947 மார்ச்சில்தான் முதல் பெட்டிகள் வெளியே போயின.

பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கும்? அட்டையில் இரண்டு அணி, கம்பி கோல்போஸ்ட், காகித வலை, குட்டிப் பந்து. மைதானம்? மைதானம் கிடையாதுங்க! ஒரு சாக்பீஸ் இருக்கும். "வீட்டில் பழைய ராணுவக் கம்பளி இருந்தால் விரித்து, நீங்களே கோடு போட்டுக்கொள்ளுங்கள்" என்று குறிப்பு. போர் முடிந்த காலம். எல்லாப் பொருளுக்கும் தட்டுப்பாடு. ஆனால் பழைய ராணுவக் கம்பளிக்குப் பஞ்சமில்லை. பணத்தையும் ஊரார் கொடுத்தார்கள், மைதானத்தையும் ஊராரே கொடுத்தார்கள். இதற்கு மேல் என் அணிக்கு என்ன சாட்சி வேண்டும்? (கைதட்டல்)

பெயர் வைத்ததும் வேடிக்கை. 'ஹாபி' என்று வைக்கப் பார்த்தார். பொழுதுபோக்கு என்றும் பொருள், ஒரு வல்லூறு வகைக்கும் அதுதான் பெயர். அந்தச் சொல்லைப் பதிவு செய்ய முடியாது என்றுவிட்டார்கள். அந்தப் பறவையின் அறிவியல் பெயர் ஃபால்கோ சப்பூட்டியோ. பின்பாதியை எடுத்து 'சப்பூட்டியோ' என்று வைத்துவிட்டார். அந்தப் பெயரில்தான் உலகம் முழுக்கப் போனது.

அந்தப் பக்கத்து நண்பர் ஒருவர் அமெரிக்காவைக் காட்டினார். ஹால் ரிச்மன் என்பவர் சிறுவனாக இருக்கும்போதே பேஸ்பாலை வைத்துப் பகடையும் சீட்டுமாக ஒரு ஆட்டம் யோசித்து, 1960களின் தொடக்கத்தில் 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' என்று விற்றார், தன் மூளையால் ஜெயித்தார் என்றார். உண்மைதான். ஆனால் நண்பர் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்கிறேன். கையில் பணம் தீர்ந்ததும் அவர் அப்பாவிடம் போய்க் கடன் கேட்டார். அப்பா நிபந்தனை போட்டார். இது ஓடாவிட்டால் மரியாதையாக என் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வந்து உட்காரணும். ஆட்டம் ஓடியது, பையன் தப்பித்தார். ஓடியிருக்காவிட்டால்? அப்பா காசு என்றால் அப்பா நாற்காலியும் சேர்ந்துதாங்க வரும்! (சிரிப்பு, கைதட்டல்)

இப்போது உங்கள் ஊருக்கு வருகிறேன். இந்த டவுன்ஷிப்பில் ஏதோ ஒரு வட்டத்தில், எந்த வட்டம் என்று சொல்ல மாட்டேன், எனக்கு உறவுக்காரப் பையன் ஒருவன். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். பையன் சடுகுடுவை மேஜை ஆட்டமாக்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டான். "மாமா, வெள்ளைக்காரன் கால்பந்தைப் பண்ணிட்டான். நம்ம கபடியை யாரு பண்றது?" என்றான். ரத்தம் சூடேறத்தான் செய்தது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். கால்பந்து என்றால் பந்தைச் சுண்டலாம். கிரிக்கெட் என்றால் பக்கத்தைப் புரட்டலாம். கபடிக்கு உயிரே மூச்சுதானே. மூச்சை எப்படியடா அட்டையில் ஒட்டுவாய்?

முதலில் அவன் மணல் கடிகாரம் வைத்தான். பாடிப் போகிறவருக்கு விதிப்படி 30 விநாடி. மணல் விழுந்து முடிவதற்குள் தொட்டுவிட்டுத் திரும்பணும். ஆடிப் பார்த்தோம். பரீட்சை எழுதுகிற மாதிரி இருந்தது. ஆளுக்கு ஆள் மணலைப் பார்க்கிறார்களே தவிர, ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக் குட்டிப்பெண், எட்டு வயசு, "அண்ணா, வாயால பாட வேண்டாமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், மணல் கடிகாரம் மூலைக்குப் போய்விட்டது. இப்போது விதி என்ன தெரியுமா? உங்கள் காய் எதிராளி கட்டத்துக்குள் போய்விட்டால், நீங்கள் ஒரே மூச்சில் 'கபடி கபடி' பாடிக்கொண்டே பகடை உருட்டணும். மூச்சு இருக்கும்வரை உருட்டலாம், தொடலாம். நடுக்கோட்டைத் தாண்டித் திரும்புவதற்குள் மூச்சு விட்டால் காய் அவுட். இன்னும் ஒருத்தனைத் தொடலாமா, ஓடி வந்துவிடலாமா என்று நெஞ்சு அடிக்கிறது பாருங்கள், அதுதாங்க கபடி! மூச்சிரைப்பு உள்ள தாத்தாக்களுக்கு மட்டும் மணல் கடிகாரம். (கைதட்டல்)

இன்னொரு குறை இருந்தது. முதலில் இரண்டு காயை இழந்தவர் அப்புறம் எழுந்திருக்கவே முடியவில்லை. கால் மணி நேரத்தில் யார் ஜெயிப்பார் என்று தெரிந்துபோகும். தோற்கிறவர், "எனக்கு வேலை இருக்கு" என்று எழுந்து போய்விடுவார். பையன் ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டான். பிடிபடவில்லை. எதிர் வீட்டுப் பாட்டி, கீரை ஆய்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தவர், சொன்னார்: "ஏண்டா தம்பி, அவங்க ஆள் ஒருத்தனைத் தொட்டுட்டா, வெளியே போன நம்ம ஆளு ஒருத்தன் உள்ள வரணும்ல? அதை ஏன் விட்டே?" நடுவர் அவர்களே, மைதானத்தில் அது விதி. பையன் அதை அட்டையில் எழுத மறந்துவிட்டான். சேர்த்த அன்றைக்கு ஆட்டம் உயிர் பெற்றது. பொறியியல் படித்த மூளைக்கு அகப்படாதது கீரை ஆய்ந்த கைக்கு அகப்பட்டது. ஊரார் கை என்றால் பை என்று மட்டும் நினைத்துப் பேசுகிறார்களே, அதற்காகச் சொல்கிறேன்.

அடுத்து பணம். அட்டைப் பெட்டி வேலையில் ஒரு கணக்கு உண்டு. பிளேட் போடுகிற கூலி, அட்டையை வெட்டுகிற அச்சுக்கு ஆகிற கூலி, நூறு பெட்டிக்கும் அதேதான், ஐந்நூறுக்கும் அதேதான். குறைவாக அடித்தால் விலை கூரையைத் தொடும். அப்பா என்ன செய்தார்? ரிடையர்மென்ட் பணம் பேங்கில் இருக்கு, எடுத்துக்கடா என்றார். அந்தப் பணம் பெண் கல்யாணத்துக்கு என்று அம்மா வைத்திருப்பது. அம்மா ஒன்றும் பேசவில்லை. காபியை மட்டும் டம்ளர் அதிர வைத்துவிட்டுப் போனார். (சிரிப்பு) சிரிக்கிறீர்கள். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்த உழைப்பு, ஒரு பகடை உருட்டலில் போகலாமா? பையனே சொன்னான்: "வேண்டாம்பா. ஊரைக் கேக்கறேன். ஊருக்குப் பிடிக்கலேன்னா நான் ஆடறதுல அர்த்தமில்ல."

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினான். பெயர், வட்டம், கொடுத்த தொகை. 300 பேர் சேர்ந்தால் அச்சுக்குப் போகும். சொன்ன தேதிக்குள் சேராவிட்டால் அவரவர் பணம் அவரவருக்கே திரும்பும். இதைத்தான் இன்றைக்கு இணையத்தில் கூட்டு நிதி என்கிறார்கள். 2009இல் அமெரிக்காவில் 'கிக்ஸ்டார்ட்டர்' இதே விதியோடு வந்தது. 2015இல் 'எக்ஸ்ப்ளோடிங் கிட்டன்ஸ்' என்ற சீட்டாட்டத்துக்கு 2,19,382 பேர் பணம் கட்டினார்கள், 87 லட்சம் டாலருக்கு மேல். நமக்கு இது புதுசா? பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து என்று போய்ப் பாருங்கள். ஆட்டுக்கறிச் சாப்பாடு, மொய் எழுத வரிசையாக ஆட்கள். வாங்கின பணத்தில் ஒருத்தர் கிணறு வெட்டுவார், ஒருத்தர் கடை வைப்பார். அதைத் திருப்பிச் செய்யாவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது.

1976இல் 'மந்தன்' படத்துக்குக் குஜராத்தில் ஐந்து லட்சம் பால்காரர்கள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். அதற்கு 70 ஆண்டு முன்னால், 1906இல், நம் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு என்று போட்டார். இரண்டுமே பத்து லட்சக் கணக்கு! எதிரணி கேட்கும், 'அந்தக் கப்பல் கம்பெனி மூழ்கிப்போச்சே' என்று. ஆமாம், 1911இல் மூடப்பட்டது. பணம் போட்டவர்களுக்கு நஷ்டம்தான், மறைக்கவில்லை. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, இனாமாகவே ஏற்றிக்கொள்கிறேன் என்றது. 1908இல் வ.உ.சி.யைச் சிறையில் தள்ளினார்கள். வ.உ.சி.யின் மூளைக்கு என்ன குறை? அந்த மூளையைச் சிறையில் பூட்டிய பிறகும் கொஞ்ச நாள் அந்தக் கப்பலைத் தாங்கியது ஊரார் கைதானே?

உங்கள் ஜம்புலிங்க முதலியாரையும் மேடைக்கு இழுத்தார்கள், தனி மனிதர் என்று. அவர் நிலத்தில் 1930களில் கறுப்பாக ஏதோ வந்தபோது, இது என்ன என்று கேட்ட கண் அவருடையது. அதைக் கும்பிடுகிறேன். ஆனால் 1956இல் கம்பெனி வந்து, 1961இல் முதல் பழுப்பு நிலக்கரி கண்ணில் படும்வரை கொட்டப்பட்டது ஒருத்தர் பணமா? நிலம் கொடுத்தவர் எத்தனை பேர், வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போனவர் எத்தனை பேர்? இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. உங்களுக்குத் தெரியாததா?

மணி அடித்துவிட்டீர்கள். முடிக்கிறேன். அந்த நோட்டை இன்று மாலை பார்த்தேன். 300 வேண்டும், 261 பேர் எழுதியிருக்கிறார்கள். முதல் பெயர் கீரைப் பாட்டியுடையது. பெண் கல்யாணப் பணத்தைக் கட்டிக் காத்த அந்த அம்மாவும் சிறுவாட்டுக் காசிலிருந்து ஒரு பெட்டிக்கு எழுதியிருக்கிறார். கடைசி நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

நடுவர் முறைக்கிறார், இது பட்டிமன்றமா, வசூல் மன்றமா என்று. (சிரிப்பு) ஐயா, 261ஆவது பெயர் என்னுடையது. 262 காலியாக இருக்கிறது, பேனாவும் நான் கொண்டுவந்திருக்கிறேன். (நீண்ட கைதட்டல்)