கரை மூடும் நாள்

(கடம்பத்தூர் ஊராட்சி ஒன்றியத்தில், ஏரிப் பணிகளைத் திட்டமிடுதல் குறித்து நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஏரி மராமத்துக்குத் தொகை ஒதுக்கப்பட்டது என்று கேள்வியுற்றவுடன் நாம் யாவரும் முதலில் வினவுவது, "எவ்வளவு?" என்பதே. "கரையை என்றைக்கு மூடுவோம்?" என்று வினவுவோர் மிகச் சிலர். ஆள் ஏற்பாடு, வேலையின் தரம், நேரக்கூடிய ஆபத்து, பொருள் கொள்முதல் என்ற நான்கு தலைப்புகளில் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கின்றனர். நான்கையும் நான்கு கோப்புகளாகக் கட்டி வைக்கும் பழக்கம் அலுவலகத்துக்குச் சரியாக இருக்கலாம். ஏரிக்கரையில் அவை நான்கும் ஒரே தேதியைச் சுற்றியே நிற்கின்றன.

நம் வட்டாரத்தின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் கொசஸ்தலையாறு, மறுபுறம் கூவம். இடையே உள்ள ஏரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தவை. மேல் ஏரியின் கலங்கலில் வழியும் நீரே கீழ் ஏரிக்கு வரத்து. 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உடைய ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளன. பெரியவை நீர்வளத் துறையிடம் உள்ளன. பொறுப்பு இவ்வாறு பிரிந்திருப்பினும் நீர் அதனை அறியாது. மேலே ஒரு சிற்றேரியின் கரை உடைந்தால், கீழே உள்ள ஊரின் சம்பாப் பயிரும் தாழ்வான தெருக்களும் ஓரிரவில் மூழ்கும். 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களின் பெருமழையையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த வெள்ளத்தையும் நாம் எவரும் மறந்திருக்க மாட்டோம்.

மதகைப் புதுப்பிக்கும் பணியை உதாரணமாகக் கொள்வோம். பழைய மதகைப் பெயர்த்தெடுக்க வேண்டுமாயின் அவ்விடத்தில் கரையை அடிவரை வெட்டியாக வேண்டும். வெட்டிய நாள் முதல் மூடும் நாள் வரை அந்த ஊருக்கு ஏரி இல்லை. மழை பெய்தால் ஆபத்து மட்டுமே உண்டு. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் 20 ஆம் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. ஆனால் நம் மாவட்டத்தில் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களின் இடிமழையும் சாமானியமானதன்று. ஆகவே செப்டம்பர் 15ஐக் கரை மூடும் நாளாகக் கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவதே முறை.

கரை மண்ணை அரையடி முதல் முக்காலடி வரையிலான அடுக்குகளாகப் போட்டு, நனைத்து, இடித்து ஏற்றுவதற்கு மூன்று வாரம். அம்மண்ணின் பாரம் புதிய காங்கிரீட்டின் மேல் ஏறுமுன் அதற்கு 28 நாட்கள் முதிர்ச்சி வேண்டும். ஆக, கடைசிக் காங்கிரீட் ஜூலை 20க்குப் பின் போகலாகாது. அதற்கு முன் அடித்தளத்துக்கும் சுவருக்கும் மூன்று வாரம். இடித்து அகற்ற இரு வாரம். வேலை உத்தரவு ஜூன் தொடக்கத்தில் கையில் இருக்க வேண்டும். 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகள், இரண்டு கோடி ரூபாய் வரையிலான பணிக்கும் சாதாரணமாக 15 நாட்கள் அவகாசம் கேட்கின்றன. அதன் பிறகு பரிசீலனை, ஒப்புதல், ஒப்பந்தப் பத்திரம். எனவே விளம்பரம் மே மாதத் தொடக்கத்திலேயே வெளிவர வேண்டும். தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும் ஆண்டுகளில் இந்தக் கணக்கு இன்னும் முன்னே தள்ளும்.

இவ்வளவும் எண்ணிய பிறகும் முக்கியமான ஒன்று எஞ்சுகிறது. மதிப்பீடு தயாரிக்கப் பெரும்பாலும் நாம் ஏப்ரலில் ஏரிக்குச் செல்கிறோம். அப்போது ஏரி வறண்டு கிடக்கும். வறண்ட கரை எந்தக் கசிவையும் காட்டாது. கசிவைக் காண வேண்டிய காலம் டிசம்பரும் ஜனவரியும். ஏரி நிரம்பி நிற்கும்போது கரையின் வெளிச்சரிவில் ஈரம் பூத்திருக்கும் இடம், நண்டு வளையிலிருந்து நீர் கலங்கி வரும் இடம், மதகை மூடிய பின்பும் கால்வாயில் ஓடும் நீர், இவற்றை அப்பொழுதுதான் குறித்துக்கொள்ள இயலும். இவற்றைச் சொல்லக்கூடியவர் ஊரின் நீர்க்கட்டி. சில ஊர்களில் கம்புகட்டி என்பர். வேலைக்கான ஆள் பட்டியலில் முதற்பெயர் அவருடையதாக இருத்தல் நலம் என்பது நம் கருத்து. ஆனால் எந்த மதிப்பீட்டிலும் அவருக்கு ஒரு வரி இருப்பதில்லை!

ஆட்களைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டும் காக்களூர் சிட்கோவும் வளர்ந்த பின், விடியற்காலையில் ஆலைப் பேருந்துக்காகச் சாலையோரம் நிற்கும் இளைஞரே கிராமங்களில் அதிகம். அவர்கள் போவதைக் குறை கூற நியாயமில்லை. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு மூன்று வார மதகு வேலைக்கு எவரும் வரமாட்டார். எனவே கொத்தனாரும் கம்பி கட்டுபவரும் எங்கிருந்து வருவர், எத்தனை நாள் தங்குவர் என்பதை ஒப்பந்தக்காரரிடம் வேலை உத்தரவுக்கு முன்பே கேட்டு எழுதி வாங்க வேண்டும். மண் வேலைக்கு நம் ஊரார் உண்டு. ஆயினும் நவரை அறுவடையின் போதும், சொர்ணவாரி நடவின் போதும் அவர்களை எதிர்பார்த்தல் வீண். 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய ஊரக வேலை உத்தரவாதச் சட்டமே, உழவு வேலை மிகுந்த காலத்தில் மொத்தம் 60 நாட்கள் பணிகளை நிறுத்தி வைக்க இடமளிக்கிறது.

ஜூலை 20க்குள் காங்கிரீட் முடியும் என்றோம். அதனைத் தொடர்ந்து வருவது ஆடி மாதம். கூழ் வார்த்தலும் தீமிதியும் நடைபெறும் நாட்களில் வேலைத்தளத்தில் ஒருவரும் இரார். புதிய காங்கிரீட்டுக்கு விடுமுறை கிடையாது. இன்று கடைகளில் பெரிதும் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமெண்டுக்குப் பத்து நாட்களாவது இடைவிடாது நீர் காட்ட வேண்டும். ஒரு நாள் காய்ந்தால் மேற்புறம் வெடிக்கும். அவ்வெடிப்பின் வழியாக மூன்றாம் ஆண்டு நீர் ஒழுகும். இந்த ஒரு பணியை மகளிர் குழுவிடம் ஒப்படைத்து, கூலியையும் மதிப்பீட்டிலேயே காட்டிவிடலாம். நாட்குறிப்பில் கையொப்பமிடும் பொறுப்பும் அவர்களுடையதாகட்டும்.

கொள்முதலில் மலிவு ஒன்றையே பார்க்கும் வழக்கம் நம்மை விட்டு எளிதில் போகாது. 1:1½:3 கலவையில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 8 மூட்டை சிமெண்டு செல்லும். 30 கன மீட்டர் வேலையென்றால் 240 மூட்டை. வண்டிக்கூலி மிச்சம் என்று இதனை மே மாதமே ஒரே நடையில் இறக்கி, சமுதாயக் கூடத்துத் தரையில் அடுக்கி வைப்பதை நாம் பல இடங்களில் காண்கிறோம். மூன்று மாதம் கிடந்த சிமெண்டு தன் வலிமையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். சோதிக்காமல் அதனைப் பயன்படுத்தலாகாது. வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வரவழையுங்கள். பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி, பத்து மூட்டை உயரத்துக்கு மேற்படாமல் அடுக்குங்கள். மதகின் ஷட்டரும் திருகுக் கம்பியும் இதற்கு நேர் மாறானவை. அவற்றைப் பட்டறையில் செய்து முடிக்க வாரங்கள் ஆகும். ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே அளவு கொடுத்துவிட வேண்டும். எம்-சாண்ட் என்ற பெயரில் கல் அரவைத் தூசியைக் கொட்டிச் செல்லும் லாரிகளும் உண்டு. ஒரு கண்ணாடிக் குவளையில் நீரோடு குலுக்கி வைத்தால் மேலே படியும் தூசியின் கனமே உண்மையைச் சொல்லும். இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. லாரி நிற்கும்போது ஒருவர் அங்கே நின்றால் போதும்.

அந்த ஒருவர் யார் என்பதே தரத்தின் பிரச்சினை. ஓர் ஓவர்சீயருக்குப் பல ஊராட்சிகள். அவர் எல்லா நாளும் வர இயலாது; காங்கிரீட் போடும் நாளிலும், கரையின் பழைய சரிவைப் படிபோல் வெட்டிப் புதுமண் இணைக்கும் நாளிலும் அவர் இருந்தே தீர வேண்டும். மற்ற நாட்களுக்கு ஆயக்கட்டு விவசாயி ஒருவரின் பெயரைப் பதிவேட்டில் எழுதுங்கள். 2017இல் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கியபோது, பாசன விவசாயிகள் பத்து விழுக்காட்டைப் பணமாகவோ உழைப்பாகவோ பொருளாகவோ அளிக்க வேண்டும் என்று வகுத்தனர். தம் பங்கு இருக்கும் இடத்தில் மனிதன் நின்று பார்க்கிறான்.

பதிவேட்டைப் பற்றி ஒரு சொல். நமக்கு அருகிலுள்ள பூண்டி நீர்த்தேக்கத்துக்கு 1940இல் அடிக்கல் நாட்டப்பட்டது. போர்க்காலத்தின் நடுவே 1944இல் அது திறக்கப்பட்டது. அதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தி 1943 மார்ச்சிலேயே காலமானார். எனினும் பணி நிற்கவில்லை. நம்மைப் போன்ற அலுவலர்களோ மாறுதலாகிக் கொண்டே இருப்பவர்கள். எந்த மட்டத்தில் அடித்தளம் நின்றது, எந்த லோடு திருப்பி அனுப்பப்பட்டது என்பவை நம் தலைக்குள் மட்டும் இருக்கலாகாது.

இறுதியாக ஆபத்து. வெட்டிய குழியைச் சுற்றி ஏரியின் உட்புறம் பிறை வடிவில் ஒரு காவல் கரை, மண் நிரப்பிய சாக்குகள், சவுக்குக் கம்பங்கள். இவை மதிப்பீட்டில் இடம்பெற்று, கரை வெட்டுமுன்பே தளத்தில் இருக்க வேண்டும். கரை மண்ணைக் கரையின் அடியிலேயே தோண்டி எடுப்பதை எவர் சொன்னாலும் அனுமதியாதீர். ஜூலை முதல் தேதியன்று கொத்தனாரும், கம்பியும், சிமெண்டு வரும் வழியும் உறுதியாகவில்லையெனில், அவ்வாண்டு கரையை வெட்டலாகாது. நிதி காலாவதியாகும் என்பர். மேலிடத்துக்கு விளக்கம் எழுத நேரும். அவ்விளக்கத்தை எழுத நாம் இருக்கிறோம். அக்டோபரில் திறந்து கிடக்கும் கரைக்கு விளக்கம் எழுதி அனுப்ப இயலாது.

பிற்பகலில் நாம் யாவரும் அடுத்த ஊர் ஏரிக்குச் செல்கிறோம். ஒவ்வொருவரும் குறிப்பேடும் அளவு நாடாவும் எடுத்து வாருங்கள். நீர்க்கட்டியை மதகடியில் காத்திருக்கச் சொல்லியிருக்கிறோம்.