மூணு வருஷம் பொறுக்க முடியாதா?



காடு அழியக் காரணம் தேவையா, பேராசையா? தேவைதான் என்று முழங்கிவிட்டுப் போனார் எதிரணி நண்பர். நான் ஒரே ஒரு பூவைக் காட்டுகிறேன். செங்காந்தள்! குறிஞ்சிப்பாட்டில் கபிலர் சொன்ன 99 பூக்களில் முதல் பூ. கோரிமேட்டு எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு. அதன் மாநிலப் பூ. கிழங்கு கலப்பை மாதிரி இருப்பதால் கலப்பைக் கிழங்கு. தின்றால் உயிர் போகும்! அதே செடியிலிருந்து எடுக்கிற கோல்ச்சிசின், கவுட் என்கிற மூட்டுவலிக்கு மருந்து. இங்கே ஜிப்மர் டாக்டரைக் கேளுங்க, சொல்வார்.

"அப்போ தேவைதானே?" என்பார் நண்பர். ஐயா, மருந்துக்கு விதை போதும். மூலனூர், வேதாரண்யம் பக்கம் வயலிலேயே விளைகிறது. பின்னே காட்டில் என்ன வேலை? நடுவதற்குக் கிழங்கு வேணுமே! விதை போட்டால் பூக்க மூணு, நாலு வருஷமாகும். யாருக்குப் பொறுமை? கடப்பாரையோடு காட்டுக்குப் போயிடறாங்க. கிழங்கு போனால் செடி போச்சு. அது போடும் விதையும் போச்சு.

பெத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்க்க மூணு வருஷம் காத்திருக்கோம். பூவுக்குக் காத்திருக்கக் கூடாதா? (கைதட்டல்)

நடுவர் அவர்களே! மருந்து தேவை, கடப்பாரை பேராசை! நல்ல தீர்ப்புச் சொல்லுங்கள்.