இரண்டு ஊருக்கு ஒரே இலாகா: வேலை போகிறவருக்கு வழி என்ன?
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தோட்டம் கைமாறும் செய்தி கடைசியாக வந்து சேர்ந்தது பால்வெட்டுத் தொழிலாளிக்குத்தான். இந்தக் கதை தோட்டத்தோடு முடிந்துவிடவில்லை. நகர சபை ஊழியர்களுக்கும் இதே கவலை உண்டு. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தைப் பார்ப்போம்.

அந்தச் சிறிய மாநிலத்தில் 560-க்கு மேற்பட்ட நகர சபைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் குப்பை லாரி, தனி வரி ஆபீஸ் என்றால் செலவு ஏறும், வரியும் ஏறும். ஆகவே இரண்டு மூன்று சபைகள் கூடி, ஒரு வேலையை ஒரு சபையே எல்லோருக்கும் செய்வதென்று ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. சிக்கனத்துக்கு நாம் எதிரிகள் அல்லர். ஆனால் மிச்சம் எங்கிருந்து வருகிறது? இரண்டு குமாஸ்தாக்கள் இருந்த இடத்தில் ஒருவரை வைத்தால், மற்றவருடைய சம்பளம்தான் அந்த மிச்சம்!

இதற்கென்று அங்கே 2007-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். சிவில் சர்வீஸ் முறையை ஏற்ற சபை ஒன்றாவது சம்பந்தப்பட்டால், ஒப்பந்தத்தில் ஊழியர்களைப் பற்றிய திட்டம் இருந்தாக வேண்டும். யார் புதிய சபைக்கு மாறுவது, யார் பழைய இடத்தில் இருப்பது, யாருக்கு வேலை போவது என்று அதில் காட்ட வேண்டும். சிவில் சர்வீஸ் ஆணையம் திட்டத்தை அங்கீகரித்த பிறகே ஒப்பந்தம் நிறைவேறலாம். வேலை இழப்பவருக்கு ஒவ்வொரு 5 ஆண்டு சர்வீஸுக்கும் குறைந்தது ஒரு மாதச் சம்பளம் உண்டு.

அப்படியானால் 20 ஆண்டு உழைத்தவருக்குக் கிடைப்பது 4 மாதச் சம்பளம். தீபகற்ப மலேசியத் தோட்டத் தொழிலாளிக்கு 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, 5 ஆண்டுக்கு மேல் சர்வீஸ் இருந்தால், ஆண்டுக்கு 20 நாள் சம்பளம்; 20 ஆண்டுக்கு 400 நாள். தொகையில் நாம் பின்தங்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போடுமுன்பே ஊழியர் கணக்கைக் காட்ட வேண்டும் என்ற அந்த முறை நாம் கவனிக்க வேண்டியது.

அந்தச் சட்டத்திலும் குறை உண்டு. யாரை எடுத்துக்கொள்வது என்ற கடைசி முடிவு வேலையை ஏற்கும் சபையின் கையில் இருக்கிறது. ஆயினும் அந்தத் திட்டம் நடப்பிலுள்ள கூட்டு ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டது. சங்கம் முன்னதாக எழுதி வாங்கிய வரிகளே அந்த ஊழியருக்குக் காப்பு!

தோழர்களே, நஷ்டஈடு வேலை போன பிறகு வருவது. அது சில மாதம் அடுப்பெரிக்கும், அதற்குப் பிறகு? எனவே நம்முடைய அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் மூன்று கோரிக்கைகளை எழுத்தில் கேட்போம். நிர்வாகம் மாறுமுன் சங்கத்தோடு பேச வேண்டும். ஓய்வு பெறுவோரின் இடங்களைப் புது ஆட்களைக் கொண்டு நிரப்பாமல், ஆட்குறைப்புக்கு ஆளாகும் தொழிலாளருக்கே முதலில் தர வேண்டும். மாறிச் செல்பவரின் பழைய சர்வீஸ் ஒரு நாளும் குறையாமல் கூடவே செல்ல வேண்டும்.

வேலை போன பின் மனு எழுதுவதைவிட, வேலை இருக்கும்போதே ஒன்றுகூடுவோம்.