எத்தனை காலமாக?

(யூபிலி ஆண்டின் நோயாளர் தினத்தன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் ஆலய யூபிலி ஆண்டில் நோயாளருக்கென்று இந்த நாளை ஒதுக்கியிருக்கிறோம். கைத்தடியூன்றி வந்தவர்களுக்கு எழுந்து இடம் கொடுத்தீர்கள்; மகிழ்ச்சி. வெளியே தெரியாத நோயோடு வந்தவர்களும் நம் நடுவே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களைக் குறித்தே இன்று பேச விரும்புகிறேன்.

முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில், ஒரு தாய் தன் ஒன்பது வயது மகளை அழைத்து வந்தார். பேசிக்கொண்டிருக்கும் பிள்ளை திடீரென்று நின்றுவிடும். கண் ஒரே இடத்தில் நிலைக்கும். வாய் எதையோ மெல்வதுபோல் அசையும். சற்று நேரத்தில் தெளிந்துவிடும். நடந்தது எதுவும் நினைவிராது. பள்ளியில் கவனமில்லாதவள் என்று அடி. தெருவில் காத்துக் கருப்பு என்று பேச்சு. "சாமி, இது நோயா, பேயா?" என்று தாய் கேட்டார். நான் பிள்ளையின் தலைமேல் கை வைத்துச் செபித்து, மந்திரித்த எண்ணெய் கொடுத்து அனுப்பிவிட்டேன். செபித்தது தவறல்ல. ஆனால் எத்தனை காலமாக இப்படி வருகிறது என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருத்துவரிடம் காட்டுங்கள் என்றும் சொல்லவில்லை. ஓராண்டு கழித்து, பிள்ளை கிணற்றடியில் விழுந்து மண்டை உடைந்த பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

மாற்கு நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில், விழுந்து நுரை தள்ளும் மகனை ஒரு தந்தை ஆண்டவரிடம் கொண்டு வருகிறார். சீடர்களால் முடியவில்லை, கூட்டமோ வாதாடிக்கொண்டிருக்கிறது. ஆண்டவர் குணமாக்குமுன், எத்தனை காலமாக இது இருக்கிறது என்று அந்தத் தந்தையை விசாரிக்கிறார். எல்லாம் அறிந்தவர் ஏன் கேட்டார்? துன்பப்படுகிறவன் தன் கதையைச் சொல்ல வேண்டும். அதை ஒருவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். மருந்து அங்கேதான் தொடங்குகிறது. குருமடத்தில் இப்பகுதியைப் பலமுறை படித்தவன் நான். என் கண்ணைத் திறந்தவரோ ஒரு நரம்பியல் மருத்துவர். அவர் அந்தத் தாயை உட்கார வைத்து அரை மணி நேரம் விசாரித்த பின்பே இ.இ.ஜி. எடுக்கச் சொன்னார்.

அறிக்கையில் 'அப்நார்மல்' என்ற சொல்லைக் கண்டு, "பிள்ளைக்குப் பைத்தியமா சாமி?" என்று தாய் அழுதுகொண்டு வந்தார். மூளையில் ஓடும் நுண்ணிய மின்னோட்டத்தை வரைந்து காட்டுவதே இ.இ.ஜி. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் அதை மனிதரிடம் முதன்முதலாகப் பதிவு செய்தார். அந்த மின்னோட்டம் சற்று நேரம் கட்டுமீறிப் பாய்வதுதான் வலிப்பு. வலிப்பு உள்ளவர்க்கும் அந்த வரைபடம் சில வேளை சீராக இருக்கும். வலிப்பே இல்லாத சிலருக்கும் மாறுபட்டிருக்கும். அந்தத் தாள் ஒரு சாட்சி. தீர்ப்புச் சொல்ல மற்றச் சாட்சிகளும் வேண்டும்.

ஸ்கேனும் அப்படியே. நம் நாட்டில் வலிப்பு கண்ட பலருடைய ஸ்கேனில் தெரிந்த சிறு கட்டியைக் காசநோய்க் கட்டி என்றே எண்ணி மருந்து கொடுத்து வந்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அதை வெட்டியெடுத்து ஆராய்ந்து, பன்றி நாடாப்புழுவின் முட்டை உடலுக்குள் போனதால் வருபவையும் அவற்றில் உண்டென்று 1989-இல் எடுத்துக் காட்டினார்கள். கற்றறிந்தவர்களுக்கே விடை காணக் காலம் பிடித்தது.

நம் பிள்ளையின் ஸ்கேனில் ஒன்றுமில்லை. "ஏன் வந்தது?" என்று தாய் கேட்க, "தெரியவில்லை அம்மா" என்றார் மருத்துவர். உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு. அவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் தெரிவதில்லை. ஆயினும் முறையாக மருந்து கொடுத்தால் 100-க்கு 70 பேர் வலிப்பின்றி வாழலாம் என்கிறார்கள். காரணம் தெரியாவிட்டாலும் மருந்து உண்டு.

திருச்சபையும் கற்றுக்கொண்டுதான் வந்திருக்கிறது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் வலிப்பு கண்டவர்களைப் பேய் பிடித்தவர்களோடு சேர்த்து வைத்து, குருப்பட்டத்திற்குத் தடை விதித்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வலிப்பு என்ற அந்தத் தடை இல்லை. சட்டமே மாறியிருக்க, நம் நாவு மாறலாகாதா?

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கல்யாணம் தட்டிப்போகும் என்று அஞ்சி நோயை மறைக்காதீர்கள். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். செபமும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. யாருக்கேனும் கோயிலில் வலிப்பு வந்தால், கையில் சாவியையோ வாயில் கரண்டியையோ திணிக்காமல், ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைக் கடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

அந்தப் பிள்ளை இன்று வளர்ந்து, அந்தப் பங்கில் சிறுவர்களுக்கு ஞானோபதேசம் கற்பிக்கிறாள். நோய் முற்றிலும் விடவில்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை வரும். வந்தால் சிறுவர்கள் பயந்து ஓடுவதில்லை. ஒருவன் மணி பார்க்கிறான். மற்றொருத்தி அவள் தெளியும்வரை கையைப் பிடித்துக்கொண்டு அருகே அமர்ந்திருக்கிறாள். நம் பங்கும் அப்படிப்பட்ட பங்காக வேண்டும். இந்த யூபிலி ஆண்டில் நான் கேட்கும் வரம் அதுவே.

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக.