பிறர் மூட்டையைச் சுமத்தல் தகாது



வெளியூர் செல்லும் இளைஞனிடம், "தம்பி, இப்பையை அங்கே சேர்ப்பித்துவிடு" என ஒருவர் கொடுப்பதும், மறுக்க நாணி அவன் வாங்கிக்கொள்வதும் நாடோறும் நிகழ்வன. அதனுள் கஞ்சா இருப்பின் அவன் கதி யாதாகும் என்பதையே யாம் ஈண்டுக் கூறப்புகுந்தோம்.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டம், 2001-இல் திருத்தப்பெற்ற பின்னர், எடைக்கேற்பத் தண்டனையை வகுத்துள்ளது. கஞ்சா 1 கிலோவிற்குக் குறைந்ததாயின், ஓராண்டு வரை கடுங்காவலோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படும். அதற்கு மேற்படின் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. 20 கிலோவை விஞ்சினாலோ, காவல் பத்தாண்டிற்குக் குறையாது. இருபதாண்டு வரையும் நீளும்.

இவற்றினும் அஞ்சத்தக்கது 35-ஆம் பிரிவாம். பை அவன் வசம் இருந்ததென மெய்ப்பிக்கப்பட்டால், உள்ளிருந்ததை அவன் அறிவான் என்றே நீதிமன்றம் கொள்ளும்; அறியேன் என்பதை ஐயத்திற்கிடமின்றி நிறுவும் பொறுப்பு அவனதே.

ஆதலின், பெற்றோர்களே! திறந்து பாராத பையைத் தொடலாகாதென மைந்தர்க்கு இன்றே உரைப்பீராக. அப்பழக்கத்திற் சிக்குண்டோன் வீட்டில் உளனேல், மறையாது அரசு ஏற்ற மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. தானே முன்வந்து சிகிச்சை பெற்று முடிப்போனுக்கு, உட்கொண்ட குற்றத்திற்கும் சிறிதளவு வைத்திருந்த குற்றத்திற்கும் வழக்கினின்று 64-அ பிரிவு விலக்களிக்கின்றது. அவ்வாயிலை நாணத்தால் அடைத்துவிடாதிருப்போமாக.